மாமா பாராட்டிய கணவாய்

லண்டன் மாமா வருகிறார் என்றதும் ஒஸ்லோவில் எங்கள் எல்லிங்ஸ்ருட் வீட்டில் முதலில் நடந்த காரியம், குளிர்ப்பெட்டியில் கிடந்த மற்றக் கொம்பனிகளின் ரோல்ஸ் எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனதுதான். மாமா அம்மாவின் மூத்த அண்ணன். வாடகை வீட்டுக் குசினியில் மீன் ரோல்ஸ் சுற்றத் தொடங்கி, பிறகு தொழிற்சாலை போட்டு, ஐரோப்பாவில் தமிழர் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு பெட்டியிலும் கையில் கரண்டியோடு அவர் படம் இருக்கும். தான் ருசி பார்க்காமல் ஒன்றும் வெளியே போகாது என்று கீழே எழுதியும் இருக்கும்.

தருமமும் குறைவில்லை. ஊரில் அந்தோனியார் கோயிலுக்கு மணி, ஆஸ்பத்திரிக்கு வாட்டு, கடலுக்குப் போகிறவர்களுக்குப் படகு என்று வாரிக் கொடுத்தார். கொடுத்த இடத்திலெல்லாம் பளிங்குக் கல்லில் பெயரும் வெட்டுவித்தார். சில இடங்களில் அந்தோனியாரின் பெயரைத் தேடித்தான் வாசிக்க வேண்டும் என்று அப்பா சொல்லுவார், அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து.

அவர் வந்தது நான் முதன்முதல் நற்கருணை வாங்கும் நாளுக்கு, என்னுடைய முதல் நன்மைக்கு. எனக்கு ஒன்பது வயது. வெள்ளைச் சட்டை, தலையில் பூவளையம் எல்லாம் இருந்தும் அன்று வீட்டில் முக்கியமான ஆள் நானில்லை, அம்மாவின் கணவாய் மீன் பிரட்டல். மாமா தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "தங்கச்சி, உன்ர கணவாயை ஒருக்கால் சாப்பிட்டுப் பாத்திட்டுச் சொல்லுறன். சரிவந்தா கொம்பனிக்கு ட்வெய்ட்டாப் பக்கம் ஒரு குசினி எடுப்பம். நீயே பொறுப்பா நிண்டு நடத்து." அம்மா அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். வலது தோள் போய்விட்டது. எனக்குச் சீப்பால் தலை இழுக்கும்போதுகூடக் கையை உயர்த்த மாட்டாமல் என்னைக் கீழே இருத்திக்கொள்வார். அந்தக் குசினிக்கு யன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார், பாவம்.

நன்மை எடுக்க ஒரு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்பது இப்போதைய சட்டம். எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்துக்கு மரியாதை இல்லை. பழைய முறைப்படி, முதல் நாள் இரவிலிருந்து பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது. ஆகவே விடிய எழும்பிக் கணவாய் பிரட்டிய அம்மா, அதை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. கண்ணளவில் உப்பைப் போட்டுவிட்டு எனக்குத் தலை இழுக்க வந்தார். அந்த நேரம் குசினிக்குள் போன அப்பா, இந்த அவதியில் இவள் உப்பை மறந்திருப்பாள் என்று தன் பங்குக்கும் ஒரு கை போட்டார். அவரும் நோன்பு.

பூசை முடிந்து வந்ததும் மாமாவுக்குத்தான் முதல் சாப்பாட்டுக் கோப்பை. வந்தவர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா கண்ணை மூடி மென்றார். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி அதையும் சாப்பிட்டார்.

"அச்சாக் கறி. உப்பு, புளி, உறைப்பு எல்லாம் அளவாய் நிக்குது. தங்கச்சி, இதை நான் எடுக்கிறன்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேல்வீட்டு நோர்வேக்காரி மட்டும் மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்து, நல்ல சாப்பாடு என்று சிரித்தார். அம்மா வழக்கம்போலக் கடைசியாகத்தான் கோப்பை எடுத்தார். ஒரு வாய் வைத்தவர் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

நான் சட்டையில் சோடாவைச் சிந்திவிட்டு, அதைத் துடைக்கப் பின்னாலே போனேன். மாமாவும் வந்தார்.

"அண்ணை, அது வாயிலை வைக்கேலாது. உப்புக் கரிக்குது."

மாமா குசினிக் கதவைச் சாத்தினார்.

"இதைத் திண்டிட்டு நல்லா இருக்கெண்டுறியள். நான் மண்ணை அள்ளி வைச்சாலும் நல்லா இருக்கெண்டுதான் சொல்லுவியள். உங்கட தருமத்தை ஊரிலை செய்யுங்கோ. எனக்கு வேண்டாம்."

"நான் உண்மையாத்தான் சொன்னனான், பிள்ளை."

"ஓமோம்," என்றார் அம்மா, என் சட்டையைத் தேய்த்துக்கொண்டே.

மாமா வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். குசினிக் கதை அத்தோடு முடிந்தது. வந்தவர்களோ, தங்கச்சி வெட்கப்படக் கூடாதென்று அந்த உப்பைத் தின்ற மனுசனல்லவா என்று மாமாவைக் கொண்டாடினார்கள். அந்தக் கதை ஒஸ்லோ முழுக்கப் பரவியது. நானும் அதைப் பெருமையாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

அடுத்த நாள் காலை அம்மா வேலைக்குப் போய்விட்டார். மாமாவை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக அப்பா கீழே காரை எடுக்கப் போயிருந்தார். மேசையில் முதல் நாள் முழுக்க வெளியே கிடந்த பால் பெட்டி. மாமா அதைக் கோர்ன்ஃபிளேக்ஸில் ஊற்றிப் பாதிவரை சாப்பிட்டுவிட்டார். நாற்றம் எனக்கு வாசல்வரை வந்தது.

"மாமா, அது பழுதாப் போச்சு. நாறுது!"

அவர் பெட்டியை மூக்கருகில் வைத்து வெகுநேரம் இழுத்துப் பார்த்தார்.

"நல்லா நாறுதோ?"

"பயங்கரமா."

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, என்ன?" என்றார்.

நான் தலையாட்டினேன். என்ன நல்ல மனுசன் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பழுதான பாலைக் கொடுத்துவிட்டோமே என்று அம்மா இன்னொரு தரம் வெட்கப்படக் கூடாதென்றுதானே சொல்கிறார்!

சாப்பாடு விற்றுப் பெயரெடுத்த ஒருவருக்கு மணமும் ருசியும் அடியோடு போய்விடக்கூடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இளமையில் தான் ருசித்துச் சாப்பிட்ட தங்கச்சியின் கைப்பக்குவத்தை நம்பித்தான் அவர் அன்று பாராட்டினார், குசினியும் தருவதாகச் சொன்னார். அதில் தருமம் ஒரு துளியும் இல்லை. தனக்கு ருசி தெரியாது என்ற ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் அம்மா அந்தக் குசினியை ஏற்றிருப்பார், மாமாவின் கரண்டிப் படம்தான் பொய்யாகிப் போயிருக்கும். அம்மா பென்சன் வரும்வரை அந்த இல்லத்தின் நிலத்தையே துடைத்தார். மாமா அன்று காப்பாற்றியது அம்மாவை என்றே நான் நினைத்திருந்தேன்.