கலுபாவின் கல்யாண ஆட்டம்

கலுபா எங்கே உட்கார்ந்தாலும் அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். தேவாலயத்துப் பெஞ்சிலும் அப்படித்தான். சோளக்களிக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அப்படித்தான். ஜாம்பியாவின் கிட்வே நகரில் பதினாலு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனி பிரேக் உண்டு. பயந்து நடுங்குகிறவர்களிடம், "ரோடு உன்னைக் கடிக்காது, போ!" என்பாள். திமிராக ஓட்டுகிறவர்களிடம் பேச்சே கிடையாது. பிரேக்கை ஒரு மிதி, அவ்வளவுதான். அந்த ஓட்டுநர் பள்ளியில் பதிவேடு எழுதுகிறவள் நான்.

நாற்பத்தோரு வயதில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சிபேசா, எலெக்ட்ரீஷியன். மனைவி ஆக்னஸ் இறந்து ஐந்து வருஷம். ஆக்னஸோடு நடந்த கல்யாணத்தில் இருவரும் ஆடிய முதல் நடனத்தைப் பற்றி எங்கள் பேட்டையில் இன்னும் பேச்சு ஓயவில்லை. யார் விருந்துக்கு வந்தாலும் சிபேசாவின் தங்கை முவாபா அந்த வீடியோவைப் போட்டுவிடுவாள்.

"எத்தனை நாள் ஆடிப் பழகினாங்களாம்? விசாரிச்சிட்டு வா," என்றாள் கலுபா.

மூன்று மாதம் என்று கேட்டு வந்து சொன்னேன்.

"அப்ப நாம நாலு."

கல்யாணத்துக்கு ஏழே வாரம் இருந்தது.

சிபேசாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. "இந்த வயசுல நமக்கு எதுக்கு? கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதாதா?" என்றார்.

"அவளுக்கு மட்டும் அது போதலையே!"

ஆக்னஸ் என்ற பெயர் கலுபாவின் வாயில் வந்ததே இல்லை.

லோம்பே என்ற நடன ஆசிரியனைப் பிடித்தாள். சனிக்கிழமை காலைகளில் எங்கள் பள்ளி மைதானத்தில் பயிற்சி. சிபேசாவின் கால் அரை அடி விலகினாலும் முதலிலிருந்து தொடங்க வைப்பாள்.

"அக்கா, இது டான்ஸ். லைசென்ஸ் டெஸ்ட் இல்ல," என்பான் லோம்பே.

"அவ எவ்வளவு வளைஞ்சா?"

"எவ?"

"வீடியோல இருக்கிறவ."

நாலாவது வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு முவாபா வீட்டுக்கே போய்விட்டாள். ஆக்னஸின் ஒவ்வொரு அடியையும் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். வீடியோவின் கடைசியில் சிபேசா தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். கலுபாவின் பேனா நின்றது. மறுபடி போடச் சொன்னாள். அந்தச் சிரிப்பை மட்டும் மூன்று தடவை பார்த்தாள்.

திரும்பும் வழியில் மினிபஸ்ஸில் சொன்னாள்: "என்கிட்ட ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சிருக்காரா?"

அடுத்த சனிக்கிழமை அவரிடமே கேட்டுவிட்டாள். "அன்னிக்கு எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

சிபேசா பிடரியைச் சொறிந்தார். "பாதியிலேயே எனக்கு ஸ்டெப் மறந்துபோச்சு. 'எதையாவது பண்ணித் தொலைங்க'ன்னு அவ என் காதுல சொன்னா. அதுக்கப்புறம் ஆடினதெல்லாம் நாங்களா இட்டுக்கட்டினது. மூணு மாசம் பழகினது அத்தனையும் வீண். அதான் சிரிப்பு வந்திருச்சு."

அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். முகம் இன்னும் சுருங்கியது. அடிகளை எண்ணி மிஞ்சிவிடலாம். இதை எதைக் கொண்டு மிஞ்சுவது?

"தம்பி, நீ வீட்டுக்குப் போ. ஸ்டெப்பு கிப்பு எதுவும் வேணாம்," என்றாள் லோம்பேயிடம். நோட்டைக் கிழித்து மைதானத்துக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினாள்.

ஆகஸ்டில் கல்யாணம். கூடத்தின் நடுவே இருவரையும் நிறுத்திப் பாட்டைப் போட்டார்கள். சிபேசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா அசைந்தார். முவாபா கைபேசியை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். அதைப் பார்த்ததும் கலுபா அவர் தோள்களைப் பற்றி, முதுகு முவாபாவுக்குத் தெரியும்படி திருப்பினாள். முவாபா மறுபக்கம் ஓடினாள். கலுபா மறுபடி திருப்பினாள். இரண்டு சுற்று, மூன்று சுற்று. எல்லாரும் அதையே ஆட்டமென்று நினைத்துக் கை தட்டினார்கள்.

கலுபா அவர் காதில் என்னவோ சொன்னாள். சிபேசாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

"அண்ணி, அவர் மூஞ்சிய இந்தப் பக்கம் காட்டச் சொல்லுங்க!" என்று கத்தினாள் முவாபா.

கலுபா அவர் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்தி, மறு கையை விரித்து முகத்தை மறைத்தாள்.