தாய்மாமன் மடிக்குக் காத்திருந்த முடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பேப்பரில் பேனா வைத்தே பல வருஷம் ஆகிறது. எழுதினால் குடும்ப மானம் போகுமே என்று முதல் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். அப்புறம் நிதானமாக யோசித்ததில், போகப்போவது குடும்ப மானம் இல்லை, என் மானம் மட்டும்தான் என்று தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அம்மனிடமே கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததையே உத்தரவாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பிறந்தது பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வாக்கப்பட்டது வில்லியனூர் பக்கம். நடுவில் கடல் இல்லை, மலை இல்லை. பஸ் மாறிப் போனாலும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு எட்டு வருஷம் ஆனது. துபாய்க்குப் போனவர்கள்கூட இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பேனர்.

எங்கள் பக்கத்தில் ரோட்டோரம் பேனர் நின்றால்தான் அது விசேஷம். பத்திரிகை எல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம். அண்ணன் தன் மகளுக்குக் காதணி விழா வைத்தபோது, தெருமுனையில் இருபதடி பேனர் கட்டினார். நடுவில் மூன்று வயசுக் குழந்தை தலையில் கிரீடத்தோடு, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. சுற்றிலும் வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்கள். யார் மேலே, யார் கீழே, யார் வட்டம் பெரியது என்பதெல்லாம் கோயிலில் சாமி புறப்பாட்டு வரிசையைவிடக் கறாரான விஷயம். விழாவுக்கு வராத கட்சிக்காரர்கள் மூன்று பேர் மேலே கைகூப்பிச் சிரித்தார்கள். அண்ணனோடு கபடி ஆடியவர்கள் ஏழு பேர் கூலிங்கிளாசோடு நின்றார்கள். என் வீட்டுக்காரர் படம் மட்டும் இல்லை. குழந்தையின் சொந்த அத்தை புருஷன்!

அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"போட்டுத்தான்டி இருக்கேன். என் கையால போட்டோ குடுத்தேன்" என்றார்.

"எங்க இருக்குது? மை போட்டுப் பாத்தாதான் தெரியுமா?"

"வந்தவங்களைப் பாக்கறதா, உனக்குப் படம் காட்டறதா? போய் வேலையப் பாருடி."

அவ்வளவுதான். கொண்டுவந்த சீர்த்தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு, கைகூட நனைக்காமல் கிளம்பினேன். விசேஷ வீட்டில் சாப்பிடாமல் போவது எங்கள் பக்கத்தில் சாபம் கொடுப்பதற்குச் சமம். தெரிந்துதான் செய்தேன். என் வீட்டுக்காரர் அப்போது பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவரையும் எழுப்பி, மூன்று வயசு மகளையும் இழுத்துக்கொண்டு நடந்தேன். பஸ் ஏறி டிக்கெட் வாங்கிய பிறகுதான், தனக்கு ஒரு பெரிய அவமானம் நடந்துவிட்டது என்ற விஷயமே அந்த மனுஷனுக்குத் தெரிந்தது. "அப்பிடியா? பிரியாணி வாசனை நல்லாருந்துச்சு" என்றார்.

நான் அப்போது ஐந்து மாசக் கர்ப்பம். வயிற்றில் இருந்தவன் மகன். அவன் பிறந்ததும்தான் என் கோபத்துக்கு உண்மையான வேலை கிடைத்தது.

எங்கள் குலதெய்வம் அய்யனார். பிறந்த முடியை அவர் சந்நிதியில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து இறக்க வேண்டும். தாய்மாமனை நேரில் போய், தட்டு வைத்துக் கூப்பிட வேண்டும். அவர் தட்டை வாங்கினால் வருகிறார் என்று அர்த்தம். பையனுக்கு ஒரு வயசானபோது, "ஒங்கண்ணனப் போய்க் கூப்புடு" என்றார் வீட்டுக்காரர். நான் போகவில்லை. கோயிலுக்குத்தான் போனேன். "அவரா வந்து மடி குடுக்கற வரைக்கும் இவன் தலையில கத்தி படாது சாமி" என்று சூடம் ஏற்றினேன். சாமிக்கு வேண்டிக்கொண்டதாக நினைத்துக்கொண்டு, அண்ணனுக்கு நோட்டீஸ் விட்டிருக்கிறேன். நோட்டீஸ் போய்ச் சேரவே இல்லை. அய்யனார் என்ன போஸ்ட்மேனா?

முடி வளர்ந்தது. என் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். சொந்த மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இரவல் மடி எதற்கு என்றேன். பையனுக்கு இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். ஆண்டு விழாவில் மூன்று வருஷமும் அவனுக்குத்தான் பாரதமாதா வேஷம். விக் செலவு மிச்சம் என்று டீச்சர் பாராட்டினார்.

இதற்கிடையில் அண்ணன் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. அண்ணியின் நம்பரை நான் அழிக்கவில்லை. என் நம்பரை அவரும் அழிக்கவில்லை. அண்ணி காலையில் கோலம் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தால் உடனே பார்த்துவிடுவேன். பேச்சுவார்த்தை கிடையாது, நான் ரோஷக்காரி. ஆனால் அவர்கள் மாடு கன்று போட்டது முதல் எல்லாம் தெரியும். யார் யார் பார்த்தார்கள் என்று அந்தப் பக்கம் பேர் காட்டும் என்பதை மகள் எனக்குச் சொன்னது மூன்றாவது வருஷம்.

பையன் இரண்டாம் வகுப்பு வந்தான். ஒருநாள் சாயங்காலம் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "இந்த வருஷமும் பாரதமாதான்னா நானே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்குவேன்" என்றான். கண்ணில் தண்ணீர். என் வீம்புக்குச் சடை போட்டுக்கொண்டு அலைவது நானில்லை, இந்தக் குழந்தை. அவன் கையால் வெட்டிக்கொண்டால் பிறந்த முடி குப்பைக்குப் போகும். அய்யனாரிடம் எந்த முகத்தோடு நிற்பேன்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தட்டில் வைக்க வெற்றிலை பாக்கு, பூ, பழம், தேங்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு நாலு பேரும் ஒரே பைக்கில் கிளம்பினோம்.

அண்ணன் வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது, ஸ்டேட்டஸில் டை அடித்திருந்தது போலிருக்கிறது. எங்களைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"வாங்க மாப்ள" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. அழைக்காத வீட்டுக்குள் நான் ஏன் நுழைய வேண்டும்? வெயிலில் தட்டோடு நின்றேன். இவர் போய் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அவமானப்பட்டவர் அவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பத்தே நிமிஷத்தில் பாதித் தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டுச் சித்தி முதலில் வந்தார். என் அம்மாவின் தங்கை. வாய்க்கு மட்டும் வயசாகாதவர்.

"இன்னாடி, வூட்டுக்கு வழி மறக்கலியா? எட்டு வருஷமா ரோடு போடறாங்கன்னு நெனச்சேன்."

"போடற ரோட்டுலதான் சித்தி வந்தேன்."

"சரி, ரெண்டும் பொட்டப் புள்ளையா? சொல்லவே இல்ல?"

"சின்னவன் பையன் சித்தி."

"பையனா? ரிப்பன் கட்டிருக்கறியே!"

"நான் பையன்தான்" என்று அவன் கத்தினான். சித்தி அவன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஆமாண்டி, அப்பிடியே ஒங்கப்பன் மூக்கு. கோவமும் அங்கதான் இருக்குது" என்றார். அதற்குள் யாரோ கண் அவர் மாதிரி என்றார்கள், காது இவர் மாதிரி என்றார்கள். என் பிள்ளையில் எனக்கென்று மிஞ்சியது அந்த முடி மட்டும்தான்.

அண்ணி உள்ளேயிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். "வெயில்ல நிக்கற? வா உள்ள. காலைல சாமி கும்புடறதுக்கு முன்னாடி என் ஸ்டேட்டஸத்தான் பாக்கற, என் மூஞ்சியப் பாக்க இவ்ளோ நாளா?" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்குத் தரை எங்கே என்று தெரியவில்லை. மகளை அண்ணன் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். காதணி விழாக் கிரீடக்காரிதான், இப்போது என் மகள் உயரம். ஐந்து நிமிஷத்தில் இரண்டும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டன. சமாதானப் பேச்சு, பெரிய மனுஷர், எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தட்டை அண்ணன் முன்னால் நீட்டினேன். "பையனுக்கு முடி எறக்கணும். நீங்கதான் மடி குடுக்கணும்."

அவர் கையைக் கட்டிக்கொண்டார். "எம் பொண்ணு விசேஷத்துல கை நனைக்காமப் போனவ நீ. மொதல்ல இந்த வூட்ல உக்காந்து சாப்புடு. அப்புறம் தட்டு வாங்கறேன்."

"நீங்க தட்டு வாங்குங்க, நான் சாப்புடறேன்."

"நீ சாப்புடு, நான் வாங்கறேன்."

கையில் தட்டு கனக்கிறது. அடுப்பில் கோழிக் குழம்பு கொதிக்கிறது. எட்டு வருஷப் பிரிவு முடிய இருவருக்கும் நடுவில் ஒரு கவளம் சோறுதான் பாக்கி. இரண்டு பேரும் அசையவில்லை. ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

"நீங்க நில்லுங்க, புள்ளைங்களுக்குப் பசிக்கும்" என்று அண்ணி கொல்லைப்புறம் வேப்பமரத்தடியில் பழைய பேனர் ஒன்றை வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சோறு போட்டார். எங்கள் ஊரில் விசேஷம் முடிந்த பேனர் எதுவும் வீணாவதில்லை; நெல் காய வைக்க, விறகு மூட, இப்படிப் பந்தி போட.

கொஞ்ச நேரத்தில் பையனின் குரல் கேட்டது. "அம்மா, இங்க வாயேன். அப்பா இருக்காரு!"

அப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், இவன் என்ன உளறுகிறான் என்று போய்ப் பார்த்தேன். தட்டு வழுக்குகிறதென்று பேனர் ஓரத்தை மடக்கியிருக்கிறான். உள்பக்கத்தில் அந்தக் காதணி விழாப் பேனரின் ஒரு வட்டம். வட்டத்துக்குள் என் வீட்டுக்காரர், அடர்த்தியான மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பெரிய எழுத்தில் "அன்பு மாமா". பக்கத்தில் அண்ணியின் தம்பி. அந்த ஓரத்தில் மட்டும் ஒன்றரை அடிக்கு மடிப்புக் கோடும், சவுக்குக் கொம்பில் கட்டிய கயிற்றுத் தடமும் இருந்தன.

விஷயம் அவ்வளவுதான். கட்டிய கொம்புகளுக்குள் பேனர் அடங்கவில்லை. கட்டியவர் மிச்சத்தைக் கொம்புக்குப் பின்னால் சுற்றி இறுக்கிவிட்டார். போட்டேன் என்று அண்ணன் சொன்னது நிஜம். தெரியவில்லை என்று நான் சொன்னதும் நிஜம். நாலு எட்டு வைத்துக் கொம்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்க இரண்டு பேருக்கும் கால் வரவில்லை. இதே கொம்புக்குப் பின்னால்தான் அண்ணியின் தம்பியும் போனார். அவர் அன்றைக்கு இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாயாசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சித்தி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். என் வீட்டுக்காரர் வந்து தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்பா எடுத்துருக்கான்" என்றார்.

அண்ணன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பேனரைப் பார்த்தபடியே நின்றார். நான் தட்டைக் கிணற்றுமேடையில் வைத்துவிட்டு, பையன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "அண்ணி, எனக்கும் போடுங்க" என்றேன். குழம்பில் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். யாரும் நம்பவில்லை என்று நினைக்கிறேன். அண்ணி காரமே போடமாட்டார்.

பாதி சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தபோது, கிணற்றுமேடையில் தட்டு இல்லை. அது அண்ணன் கையில் இருந்தது.

அடுத்த வாரம் அய்யனார் கோயிலில் முடி இறக்கினோம். ஒரு வயசில் உட்கார வேண்டியவன் ஏழு வயசில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அவன் கால் தரையில் இழுபட்டது. அண்ணனுக்கு மூட்டு வலி. முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டார். முடி எடுப்பவர் சடையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்குக் கத்தி பத்தாது, அறுப்பு மிஷின் கொண்டாரணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"தலைய ஆட்டாதடா, காது போயிடும்" என்று அண்ணன் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பாதி மொட்டையில் பையன் கேட்டான்:

"மாமா, நீங்க ஏன் இவ்ளோ நாளா வரல?"

"ஒங்கம்மா கூப்புடல."

"கூப்புடலன்னா இன்னா? நீங்களே வந்துருக்கலாம் இல்ல?"

கத்தி நின்றது. அண்ணன் அவன் தோளில் விழுந்திருந்த முடியைத் தட்டிவிட்டார். ரொம்ப நேரம் தட்டினார்.

"வந்துருக்கலாம்டா" என்றார்.

நான் அய்யனாரைப் பார்த்துக் கையெடுத்தேன். இத்தனை வருஷமாக நான் அவரிடம் கேட்டது அண்ணன் மடியை; அவர் கூடவே இந்த ஒரு வார்த்தையையும் கொடுத்துவிட்டார். மிச்ச முடியும் இறங்கி, சந்தனம் பூசி முடித்தபோது, பையன் மடியை விட்டு இறங்க மறுத்தான். மூட்டு வலிக்காரரும் இறங்கு என்று சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். பிரிந்து கிடக்கிற சொந்தம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். எங்கள் தெருவில் இப்போதே மாற்றிவிட்டார்கள்; நிலத் தகராறு என்கிறார்கள், அது கேட்பதற்குக் கௌரவமாக இருக்கிறதாம். எட்டு வருஷத்தை இரண்டாகக் குறைக்காதீர்கள். எனக்காக இரக்கப்பட்டு, அண்ணனைக் கெட்டவராக்கி என்னை நல்லவளாக்கும் உபகாரத்தையும் செய்துவிடாதீர்கள். அந்த வேலையை எட்டு வருஷம் நானே நன்றாகச் செய்துகொண்டிருந்தேன்.