நாற்பது ஹாஜிகள் கூட்டிப்போன கலந்தர்

கலந்தர் மஸ்தானை ஹஜ்ஜுக்கு அழைத்துப்போகலாம் என்று முதலில் வாய் திறந்தவன் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பழியை நாற்பது பேர் தலையில் போட்டுவிட்டு நான் நழுவிக்கொண்டதாக ஆகிவிடும்.

மலாக்காவில் காஜா பேராங் பக்கம் கலந்தரைத் தெரியாதவர் இல்லை. தெரிந்தும் தெரியாததுபோல் நடந்துகொள்வார்கள், அவ்வளவுதான். கம்போங் கிளிங் பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஓர் ஆண் மௌத்தானால் இறந்த உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவது அவர் வேலை. பெண் என்றால் அவர் மனைவி செய்னம்பு போவாள். முப்பது வருஷமாக இதுதான். பிள்ளை குட்டி கிடையாது. கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரே தட்டில் சாப்பிடும்போது கலந்தரின் தட்டுக்கு மட்டும் ஆள் சேராது. தெருவில் எதிர்ப்பட்டால், “என்ன பாய், இப்ப யாரு?” என்று கேட்டுச் சிரிப்போம். அவரும் சிரிப்பார். நானும் கேட்டிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1934இல் எங்கள் ஆட்கள் நாற்பது பேர் ஒன்றாகச் சேர்ந்து மக்காவுக்குப் புறப்படத் திட்டம் போட்டார்கள். எல்லாரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். சிங்கப்பூருக்கு அப்பால் கப்பல் ஏறியவர் ஒருவரும் இல்லை. துணிக்கடை ஷரீஃபுதீன் நானாதான் தலைவர். நான் போகவில்லை; மனு எழுதிப் பிழைக்கும் கிராணி என்பதால் ஹஜ் பாஸ் பாரங்களை நிரப்பும் வேலை மட்டும் எனக்கு வந்தது.

பேர் கொடுக்கிற கூட்டம் கலகலப்பாகத்தான் தொடங்கியது. எத்தனை மூட்டை அரிசி, ஊறுகாய் எவ்வளவு, கருவாடு கப்பலில் நாறுமா என்றெல்லாம் பேச்சு. அப்போது முந்தின வருஷம் வேறோர் ஊர்க் கூட்டத்தோடு போய் வந்த ஒருவர் எழுந்தார். செங்கடலில் ஹாஜிகளை இறக்கிச் சோதிக்கும் கமரான் தீவுக்குப் போய்ச் சேருவதற்குள் தங்கள் கப்பலில் பதினேழு பேர் வயிற்றுப்போக்கில் போய்விட்டதாகச் சொன்னார்.

“குளிப்பாட்ட ஒருத்தருக்கும் முறை தெரியல. தொடவும் பயம். சாக்குல சுத்தி கடல்ல எறக்குனோம். இன்னிக்கும் கண்ண மூடுனா அந்தச் சாக்குதான் தெரியுது” என்றார்.

ஊறுகாய்ப் பேச்சு அதோடு நின்றது. சாவுக்கு அவர்கள் அஞ்சவில்லை. புனிதப் பயணத்தில் சாவது பாக்கியம் என்பார்கள். குளிக்காமல், கபன் இல்லாமல் கடலில் போவதற்குத்தான் அஞ்சினார்கள். மறுநாளே ஆறு பேர் பேரை எடுத்துவிடச் சொன்னார்கள். அப்போதுதான் நான், “கலந்தரையும் அவர் பெண்சாதியையும் கூட்டிப் போங்களேன்” என்றேன். ஷரீஃபுதீன் நானா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கலந்தரிடம் காரணத்தை யாரும் சொல்லவில்லை. “ஜமாஅத்துக்கு இவ்வளவு நாள் உழைச்சீங்க, செலவு எங்களோடது, ரெண்டு பேரும் வாங்க” என்று மட்டும் சொன்னோம். மனிதர் அழுதுவிட்டார். புதுத் தொப்பி வாங்கினார். செய்னம்பு அன்றே என் வீட்டுக்கு வந்து பாரத்தில் கைநாட்டு வைத்தாள். மைக்கறையைத் துடைக்கக்கூட விடாமல் விரலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தபடி போனாள்.

பிறகு ஒவ்வொருவராக அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். முப்பது வருஷம் அந்த வாசலை மிதிக்காதவர்கள்! ஒருவர் தன் கபன் துணியைக் கொண்டுபோய், நீளம் போதுமா என்று கேட்டார். மசாலைக் கடைக்காரர், “பாய், எனக்குக் காதுல தண்ணி போனா ஆகாது, பாத்து ஊத்துங்க” என்றாராம். இன்னொருவர் முதுகில் இருக்கும் வெண்குஷ்டத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பெண்கள் செய்னம்புவிடம் போனார்கள்.

கலந்தர் என்னிடம் வந்தார். “கிராணியாரே, என்னைய ஹாஜியா கூட்டிட்டுப் போறாங்களா, தொழிலாளியா கூட்டிட்டுப் போறாங்களா?”

நான் அடுத்த பாரத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினேன்.

“சரி. எப்படிப் போனா என்ன, கஃபாவைப் பாத்தா போதும்” என்றார். அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

அம்மை ஊசி போட்ட நாளில் டாக்டர் நாற்பத்திரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தி, நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு அனுப்பினார். செய்னம்புவும் தேறிவிட்டாள். அன்று சாயங்காலம் கலந்தர் என் வீட்டுக்கு வந்து நின்றபடியே சொன்னார்: “எங்க ரெண்டு பேர் பேரையும் அடிச்சிருங்க.”

“ஏன் பாய்?”

“அவ காது மடல் சாய ஆரம்பிச்சிருச்சு. மூக்குத் தண்டு மெலிஞ்சுபோச்சு. கால்ல அமுக்குனா குழி விழுது. டாக்டருக்கு உயிரோட இருக்கறவங்களத்தான் தெரியும். எனக்கு அடுத்தது தெரியும். மூணு மாசம் தாண்டாது. கப்பல்ல ஏத்துனா அதுவும் இல்ல.”

மனைவியைப் பார்த்து இப்படிக் கணக்குச் சொல்லும்படி ஒரு மனிதரை அவர் தொழில் ஆக்கியிருக்கிறதே என்று பரிதாபமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

செய்தி எப்படியோ கசிந்தது. கலந்தர் வராவிட்டால் தாங்களும் இல்லை என்று இருபது பேர் சொல்லிவிட்டார்கள். ஷரீஃபுதீன் நானா என் வீட்டில் வைத்துக் கலந்தரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். கலந்தர் அசையவில்லை. நான் பேரை அடிக்கப் பேனாவை எடுத்தபோது செய்னம்பு உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அடிக்காதீங்க கிராணியாரே” என்று என்னிடம் சொல்லிவிட்டு கலந்தர் பக்கம் திரும்பினாள். “என் காதை நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே நான் கண்ணாடில பாத்துட்டேன். நானும் முப்பது வருசம் அதே வேலைதான செஞ்சேன்?”

“அப்பறம் எதுக்கும்மா இந்தச் சூசா, இந்தக் கஷ்டம்? வீட்ல நிம்மதியா இரு.”

“வீட்ல இருந்தா? பொண்ணுக்குப் பொண்ணுதான் குளிப்பாட்ட வரணும்னு ஊரு சொல்லும், நீங்க வெளிய நிக்கணும். யாராவது முகத்தைத் திருப்பிக்கிட்டு ரெண்டு செம்பு ஊத்திட்டுப் போவாளுக. கப்பல்ல குளிப்பாட்டத் தெரிஞ்ச பொம்பளை நான் ஒருத்திதான். எனக்கு ஒண்ணுன்னா வேற ஆளு இல்ல. நம்ம ஷாஃபி மத்ஹப் சட்டப்படி பொண்டாட்டியப் புருஷன் குளிப்பாட்டலாம். நீங்கதான் செய்யணும். அதுக்குத்தான் அன்னிக்கே ஓடிவந்து கைநாட்டு வச்சேன்.”

“என் கை வராது, செய்னம்பு.”

“ஊருக்கெல்லாம் வந்துச்சு. எனக்கு வராதா?”

கலந்தர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். அவள் பக்கத்தில் நின்று அவர் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னைப் பார்க்காமலே, “பேரு இருக்கட்டும்” என்றார். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

ரயிலில் சிங்கப்பூருக்குப் போய் எல்லாரும் கப்பல் ஏறினார்கள். அந்தத் தடவை கப்பலில் நோய் எதுவும் வரவில்லை. மசாலைக் கடைக்காரர் முதல் ஷரீஃபுதீன் நானாவரை நாற்பது பேரும் போன மாதிரியே திரும்பி வந்து, பேரீச்சம்பழம் பங்கு வைத்தார்கள். போகிற வழியில், ஏடனுக்கு இரண்டு நாள் முன்னால், பாய்மரத் துணி மறைப்புக்குள் வேறு யாரையும் விடாமல், கலந்தர் குளிப்பாட்டியது ஒரே ஒருத்தியைத்தான்.