பாண்டி மதுரை பார்த்த கதை

இந்த மலையில் எனக்குப் பெயர் பாண்டி. ஞானஸ்நானத்தில் வைத்த சவரிமுத்து என்ற பெயர் சம்பளத்தன்று மட்டும் ஒருமுறை வெளியே வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். சாந்தன்பாறைச் சந்தியில் சாயாக்கடை வைத்திருக்கும் மாத்தன், மூடுபனிக்குள் என் தலை தெரிந்ததுமே, "எந்தா பாண்டி, சாயா எடுக்கட்டே?" என்பான். மாத்தன் கோட்டயத்துப் பக்கமிருந்து மலையேறி வந்து மூன்று மழைக்காலம்தான் ஆகிறது. நான் ஏலக்காட்டுக்கு வந்தபோது அவனுக்கு மீசைகூட முளைத்திருக்காது. ஆனாலும் அவன் ஊர்க்காரன், நான் வந்தவன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லி விளங்க வைப்பது கஷ்டம். கணவாய்க்குக் கிழக்கே பிறந்தவன் எவனாயிருந்தாலும் இங்கே பாண்டிதான். திருநெல்வேலிச் சீமையில் தண்ணீரே எட்டிப் பார்க்காத எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் எந்தப் பாண்டிய ராஜாவும் வழிதவறிக்கூட வந்ததாகத் தகவல் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். மாத்தன் சிரித்துக்கொண்டே இன்னொரு சாயா ஊற்றினான்.

இதில் பெரிய அவமானம் என்னவென்றால், இந்தப் பாண்டி பாண்டியர்களின் மதுரையைப் பார்த்ததே இல்லை. முதன்முதலில் எஸ்டேட் வேலைக்கு ஆள் கட்டிக் கொண்டுவந்தபோது மதுரை ஸ்டேஷனில் அரை நாள் கிடந்தோம். எழுந்தவன் காலை ஒடித்துவிடுவேன் என்று கங்காணி சொல்லியிருந்ததால், நான் மதுரையில் கண்டது பிளாட்பாரத்து ஓரத்தில் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு தண்ணீர்க் குழாய். அந்த ஒரு குழாயை முதலாக வைத்து, கோபுரமும் மகாலும் தெருவும் கடையுமாக ஒரு முழு மதுரையை என் மனைவி ஆரோக்கியத்துக்கு வருஷக்கணக்கில் வர்ணித்து வந்தேன். அவளும் நம்பினாள், பாவம்.

போன வருஷம் எங்கள் மகள் ரோசம்மாவுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. அதற்கு முந்தின மழையில் அதே காய்ச்சலுக்கு அவள் அண்ணனைப் பறிகொடுத்திருந்தோம். நான் வேலை பார்க்கும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் உள்ள மேட்டில் அவன் இருக்கிறான். அதைக் கேலியாக எழுத எனக்குக் கை வராது. ரோசம்மாவும் கண்ணைச் செருகியபோது எஸ்டேட் கம்பவுண்டர் கொயினா மருந்தைக் கொடுத்தார். ஆரோக்கியம் சேவலைக் கொடுத்தாள். அன்று காலை முட்டையை உடைத்து வந்த குஞ்சுகளில் கறுப்பான ஒன்றைக் கையில் எடுத்து, "அந்தோணியாரே, பிள்ளை பிழைச்சா இந்தச் சேவலை உசுரோட, ஓர் இறகு குறையாம உம்ம கோயில்ல கொண்டு விடுதேன்" என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. குஞ்சு பெட்டையாகாமல் சேவலாகவே வளர்ந்தது அந்தோணியார் செய்த இரண்டாவது புதுமை. கம்பவுண்டருக்கு ஒரு கும்பிடுகூட இல்லை, சேவலுக்கோ வீட்டில் ராஜ உபசாரம். ஊரில் போய் ஒரு சேவலை வாங்கி விட்டால் போதாதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "சாமிக்குக் காட்டினது ஒண்ணு, குடுக்கது ஒண்ணா? பிள்ளை உசுரு இதுலல்லா இருக்கு!" என்றாள்.

ஊரில் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்டோம். போடிமெட்டுச் சுங்கச் சவுக்கையில் ஏலக்காய் ஒளித்து வைத்திருக்கிறோமா என்று மூட்டையைக் குடைந்த சேவகன், சேவலின் இறக்கைக்கு அடியிலும் கையை விட்டான். சேவல் கொத்திவிட்டது. எங்கள் குடும்பத்தில் அரசாங்கத்தை எதிர்த்த முதல் ஆள் அதுதான். போடியில் ரயிலேறி மதுரையில் இறங்கினபோது காலை. தெற்கே போகும் வண்டி இரவில்தான். பகல் முழுக்க மதுரை எங்களுடையது என்று மார் தட்டினேன். சாமான் வைக்கும் அறையிலிருந்த குமாஸ்தா மூட்டையை வாங்கிக்கொண்டு, சேவல் இருந்த கூடையை மட்டும் திருப்பித் தள்ளினார். "உசுரு உள்ளதெல்லாம் இங்க வைக்கக் கூடாதுய்யா." ஆகவே மதுரையைப் பார்க்க நாலு பேராகக் கிளம்பினோம்.

கண்ணேறு படாமலிருக்க ஆரோக்கியம் தன் கம்பளியைக் கூடைமேல் போர்த்தி, இடுப்பில் அணைத்துக்கொண்டாள். மலையில் கம்பளி இல்லாதவன் பைத்தியக்காரன். மதுரை வெயிலில் கம்பளி உள்ளவன் பைத்தியக்காரன். இந்தச் சின்ன வித்தியாசம் எனக்குத் தோன்றுவதற்குள் ஒரு ஜட்காக்காரர் பக்கத்தில் வந்தார்.

"ஏண்ணே, மலையாளத்துல இருந்தா வாரீக?"

"இல்ல, எனக்குத் திருநெல்வேலிப் பக்கம்."

"அது சரி. கூடையில என்ன?"

"சேவல்."

"கறுப்பா?"

கறுப்புத்தான் என்றேன். அவர் என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். பிறகு குதிரையைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டார். மதுரைக்காரர்களுக்கு நேரம் அவ்வளவு அருமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தோம்.

கோபுரத்தைத் தெருவில் நின்றபடி பார்த்தோம். வேதக்காரர்களாகிய எங்களுக்கு உள்ளே போகும் எண்ணம் இல்லை, விடப்போகிறவர்களும் யாரும் இல்லை. நான் ஏதோ என் தாத்தா கட்டியதுபோல் கையை நீட்டி விளக்கினேன். ஆரோக்கியம் அண்ணாந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. நம்ம மலை இதைவிட ஒசரம்லா" என்றாள். ரோசம்மா ரொம்ப நேரம் உச்சியையே பார்த்துவிட்டு, "அப்பா, அதுமேல மஞ்ஞு இல்லியே?" என்று கேட்டாள். பனி மூடாத உயரம் எதையும் அந்தப் பிள்ளை கண்டதில்லை. ஒரு காபி கிளப்பில் நுழைந்தோம். கல்லாவில் இருந்தவர் கூடையைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். சைவ இடமாம். "நாங்க கோழியைத் திங்க வரலய்யா, இட்லியைத் திங்கத்தான் வந்தோம்" என்றேன். எடுபடவில்லை. இலையில் கட்டி வாசலுக்கு வந்தது. மலையில் மாத்தன் என்னை என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் பெஞ்சில் உட்கார்த்தித்தான் சாயா தருவான் என்ற நினைப்பு வந்தது. அதை விழுங்கிவிட்டு இட்லியையும் விழுங்கினேன்.

வெயில் மண்டையைப் பிளந்தபோது திருமலை நாயக்கர் மகாலுக்குள் போனோம். ராஜா இருந்த இடத்தில் இப்போது கோர்ட் இருக்கிறது. ராஜாவுக்குக் கப்பம் கட்டினவர்களின் பேரப்பிள்ளைகள் வக்கீல்களுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தூண்கள், அடியில் குளுகுளுவென்று நிழல். ஒரு தூணோரம் உட்கார்ந்து, ஆரோக்கியம் கம்பளியை விலக்கிச் சேவலுக்குத் தண்ணீர் காட்டினாள். அதுதான் பிசகு. நரைமீசைக்காரர் ஒருவர் பையப் பைய வந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சாமி, ஒத்த வரப்புத் தகராறு. எங்கப்பன் காலத்துல இருந்து இழுத்துக்கிட்டுக் கெடக்கு. எம் பங்காளி வாயை மட்டும் கட்டிப்புட்டீகன்னாப் போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளம் என்றால் மாந்திரீகம். ஊரில் நாமும் அப்படித்தானே பேசிக்கொண்டு திரிந்தோம்? கறுப்புச் சேவல், கம்பளி, மலையிலிருந்து வந்த தாடிக்காரன். தாடி வளர்ந்ததற்குக் காரணம் எஸ்டேட்டில் நாவிதர் இல்லாதது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

"அய்யா, நான் மந்திரவாதி இல்ல. ஏலக்காய் காய வைக்கிறவன்."

"நெசமான மந்திரவாதி எவன் சாமி ஒத்துக்குவான்?"

"நான் தமிழன்யா! மலையில என்னைப் பாண்டின்னுதான் கூப்பிடுவாங்க."

"மலையிலயா!" என்று அவர் திரும்பிப் பின்னால் நின்றவர்களிடம் தலையசைத்தார். அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. அதில் அந்தப் பங்காளியும் இருந்தார் என்பது அவர் போட்ட கூச்சலில் தெரிந்தது. தனக்குச் சூனியம் வைக்க மலையாளத்திலிருந்து ஆள் கூட்டி வந்துவிட்டார்கள் என்று அவர் மகால் அதிரக் கத்த, ஒரு போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். பங்காளி விடவில்லை. "அந்தக் கோழியை அறுத்துப் பாருங்கய்யா! வயித்துக்குள்ள என் பேரு எழுதின தகடு இருக்கும்!"

அறுக்க என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஆரோக்கியம் கூடைமேல் கவிழ்ந்துவிட்டாள். "தொடாதிங்கய்யா! எம் பிள்ளை உசுரு இதுலல்லாய்யா இருக்கு!" என்று அலறினாள். நல்ல சமயம் பார்த்துச் சொன்னாள், மகராசி. பிள்ளையின் உயிரையே சேவலுக்குள் வைத்திருக்கிறார்களாம் என்று கூட்டம் வாயைப் பிளந்தது. ரோசம்மா அழுதுகொண்டே போலீஸ்காரரின் காலைப் பிடித்தாள். "சாரே, கோழியை விடு சாரே. எனக்குப் பேடியாவுது."

"பயத்தைப் பேடிங்குது. திருநெல்வேலிப் பிள்ளை பேசுற பேச்சாய்யா இது?" என்றார் போலீஸ்காரர். நான் பார்த்தது ஆரோக்கியத்தின் முகத்தை. மேட்டில் எங்கள் மகனை இறக்கியபோது இருந்த அதே முகம். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து நான் தமிழன், நான் பாண்டி என்று கரடியாய்க் கத்தி என்ன லாபம்? கத்தக் கத்தச் சேவலின் கழுத்துக்குத்தான் ஆபத்து. ஆனால் ஒன்று கவனித்தேன். அறு, அறு என்கிறார்களே தவிர, கூடையில் கை வைக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. போலீஸ்காரர் உட்பட.

நான் எழுந்து நின்றேன். கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையைக் கூடைமேல் வைத்து, கண்ணை மூடி, மாத்தனின் குரலில் எனக்குத் தெரிந்த மலையாளத்தை ஆரம்பித்தேன். "புட்டு... கடல... பப்படம்... கஞ்ஞி... பயறு... சம்பாரம்... கட்டன் சாயா..." நாயக்கர் மகாலின் தூண்கள் ஒவ்வொன்றும் கட்டன் சாயா, கட்டன் சாயா என்று திருப்பிச் சொல்லின. இரண்டாவது சுற்றில் சேவலும் கழுத்தை நீட்டிக் கூவியது. கண்ணைத் திறந்தபோது எங்களைச் சுற்றி ஒரு வண்டி திரும்பும் அளவுக்கு இடம் இருந்தது. போலீஸ்காரர் தூணுக்குப் பின்னால் நின்று, "சரி சரி, எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றார். பங்காளியைக் காணவில்லை. நரைமீசைக்காரர் என் காலில் விழுந்து எழுந்தார். திருமலை நாயக்கருக்குப் பிறகு அந்த மண்டபத்தில் அவ்வளவு மரியாதையோடு நடந்து வெளியேறியவன் நானாகத்தான் இருக்கும்.

அதன்பிறகு தெப்பக்குளமாவது புதுமண்டபமாவது! நேரே ஸ்டேஷனுக்குப் போய், ராத்திரி வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் குந்தியிருந்தோம். பக்கத்தில் அதே தண்ணீர்க் குழாய், இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆரோக்கியத்துக்கு அதைக் காட்டினேன். "இதைத்தான் இத்தனை வருசமா மதுரைன்னு சொல்லிட்டிருந்தியளா?" என்றாள். பிறகு கூடையைத் திறந்து ஓர் இறகு குறையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். "மந்திரம் சொன்னது பாவம். ஊர்ல போயி முதல் காரியமா பாவசங்கீர்த்தனம் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் என்ன மந்திரம் சொன்னாய் என்று சாமியார் கேட்டார். சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவருக்கு வெகுநேரம் இருமல் நிற்கவில்லை. ஆனால் ஊருக்கு அந்த இருமல் கேட்கவில்லை. ஊருக்குக் கேட்டது ரோசம்மாவின் குரல்தான். எங்கப்பா போலீஸை விரட்டின மந்திரம் என்று தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் புட்டு, கடல சொல்லிக் கொடுத்துவிட்டாள். நாங்கள் தங்கியிருந்த அண்ணன் வீட்டில் அண்ணி மறுநாளிலிருந்து எனக்குச் சோறு வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றாள். திருவிழாவன்று நேர்ச்சைக் கோழிகளைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் சேவல் முறை வந்தபோது உபதேசியார் தூக்கிப் பிடித்து, "மலையாளத்துச் சேவல்!" என்று கூவினார். ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. என்னோடு கோலி விளையாடியவர்கள், என் அப்பாவுக்கு மண் தள்ளியவர்கள், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மதுரையில் பட்டதெல்லாம் சிரிப்புத்தான். இது எனக்கு வலித்தது.

நேர்ந்தவன் தானே ஏலம் எடுக்கக் கூடாது. கடைசியில் உபதேசியார், அந்தோணியார் பொறுப்பு என்று சேவலைக் கோயில் வளவில் அவிழ்த்து விட்டுவிட்டார். அறுக்கவும் ஆள் இல்லை, விரட்டவும் ஆள் இல்லை. ஏலக்காய் பறிப்புக்கு ஊரிலிருந்து வரும் ஆட்கள் ஒவ்வொரு தடவையும் தகவல் சொல்கிறார்கள். வளவு முழுக்க அதன் ராஜ்யமாம், கன்னுக்குட்டி மாதிரி கொழுத்திருக்கிறதாம். அதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர் மலையாளத்தான். ஊரில் நான் பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில் மலையாளத்தான் ஒருவன் நிம்மதியாக இருக்கிறான். இங்கே பனிக்குள் பாண்டி ஒருவன் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் வந்த ஆட்களிடம் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான். அண்ணியின் பயம் தெளிந்துவிட்டதாம், பேசாமல் ஊரோடு வந்துவிடச் சொன்னான். ஆரோக்கியம் முதலில் சேவலைப் பற்றிக் கேட்டாள். நன்றாயிருக்கிறது என்றார்கள். ரோசம்மாவைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போய்விடலாமா என்று நான் கேட்டேன். அவள் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் மேட்டைப் பார்த்தாள். பனியில் அது தெரியவில்லை.

"அங்ஙன ஒரு உசுரை விட்டுட்டு வந்திருக்கோம். இங்ஙன இவன் கெடக்கான். எங்க போனாலும் ஒண்ணைப் பாக்க ஆளில்லாமல்லா போயிரும்?" என்றாள்.