காப்பீட்டுக்காகக் காக்க வைத்தேன்

என் மனைவியும் அவள் அக்காவும் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள். அதனால் என் மகள் மீனாவை உடனே மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார் டாக்டர். அப்போதுதான் அவளுக்கு மெடிக்ளெய்ம் காப்பீடு எடுத்திருந்தேன். அதில் பரிசோதனைக்குப் பணம் கிடையாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் கிடைக்கும். இப்போதே ஏதாவது தெரிந்தால், பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று கம்பெனி கைவிரித்துவிடுமே என்று பயந்தேன்.

“பாலிசி ரெண்டு மூணு வருசம் ஓடட்டும்மா, அதுக்கப்புறம் பழைய நோய்னு தட்டிக்கழிக்க மாட்டாங்க, அப்ப எடுப்போம்” என்றேன்.

“கட்டி வந்தா, பாலிசியப் பாத்துட்டா வரும்?” என்று சிரித்தாள். கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். அதற்கும் ஒரு விளக்கம் சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

அதன்பின் எனக்கு நிம்மதியில்லை. அவள் கையைத் தூக்கித் துணி காயப்போட்டால்கூட முகம் சுளிக்கிறாளா என்று பார்ப்பேன். ஒருநாள் குளித்துவிட்டு வந்தவள், “அப்பா, கைக்கு என்னமோ தட்டுப்படுது” என்றாள். அவனியாபுரம் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கட்டியில் ஊசி வைத்துத் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, சாதாரணக் கட்டிதான்.

வெளியே வந்ததும் மீனா கேட்டாள்: “இம்புட்டு பயத்த வச்சுக்கிட்டா என்னையக் காக்க வச்சீங்க?”

இப்போது வருடந்தோறும் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போகிறேன். கம்பெனி என்ன சொல்லும் என்று யோசிப்பதில்லை. ஆனாலும் அவள் உள்ளே போய் வரும்வரை என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை.