தெருவைப் பார்த்த செருப்பு

சாவு வீட்டு வாசலில் கழற்றும்போதே, செருப்பு தெருவைப் பார்த்துக் கிடக்கும்படி உடம்பைத் திருப்பிக் கழற்றுவார் சடகோபன். வெளியே வந்து காலை நுழைத்தால் நேரே கார்தான். உள்ளே போவார். டிரைவர் பிரேம்குமார் நீட்டும் மாலையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துக் கைகூப்பி நிற்பார். அழுகிறவர்களில் யாராவது ஒருவரின் தோளைத் தொடுவார். துக்க வீட்டில் 'வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது அல்லவா, அந்த வழக்கம் அவருக்கு ரொம்ப வசதி.

இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்து, மூன்றாம் முறை தோற்றவர். தோற்ற பிறகும் கே.ஜி.கண்டிகையிலிருந்து அம்மையார்குப்பம் வரை எங்கே சாவு மேளம் கேட்டாலும் அவருடைய கார் நிற்கும். "கல்யாணத்துக்குப் போவலன்னா மறந்துடுவாங்க. சாவுக்குப் போவலன்னா ஓட்டுப் போடுற அன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வச்சிகினு இருப்பாங்க" என்பார். திருத்தணி மலையடிவாரத்தில் பங்காருவின் பூக்கடையில் தினமும் காலையில் இரண்டு மாலைகள் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்வார். அன்று சுற்றுவட்டாரத்தில் யாரும் சாகாவிட்டால் மாலை வீண். மிஞ்சியதை முருகனுக்குக்கூடப் போட முடியாதே என்று பங்காரு கேலி செய்வார். இவர் சிரிக்கமாட்டார்.

பிறவி அரசியல்வாதி இல்லை. நாலு ஏக்கரில் கரும்பும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்தவர். மைக்கைப் பிடித்தால் தமிழும் திணறும், எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கும் திணறும். அவரை அரசியலுக்குக் கொண்டுவந்ததே ஒரு சாவுதான். அவர் நிலத்தில் வேலை செய்த துளசிங்கம், மழைக்கு அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து வரப்பிலேயே விழுந்துவிட்டார். பெரிய அதிகாரி வராமல் உடலை எடுக்க விடமாட்டேன் என்று சடகோபன் அரக்கோணம் சாலையில் உட்கார்ந்தார். பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. துளசிங்கத்தின் முகத்தில் ஈ உட்காராமல் தோள் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். பழைய கம்பிகளையெல்லாம் மாற்றுகிறோம் என்று அதிகாரி வாக்குக் கொடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த உட்காரலைப் பார்த்துத்தான் ஒரு கட்சி அவரைத் தேடி வந்தது.

அதோடு உட்காருவது போயிற்று. நிலம் மனைவி அம்சாவின் பொறுப்பாயிற்று. "இந்த ஒரு தபாதான். அப்பால வூட்டோட இருந்துடறேன்" என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் அம்சாவிடம் சொன்னார். சொந்த வீட்டு வாசலிலும் அவர் செருப்பு தெருவைப் பார்த்தே கிடக்கும். கூடத்தில் நின்றபடி காபியைக் குடித்துவிட்டு, போனில் பேசிக்கொண்டே சொல்லாமல் கிளம்பிவிடுவார். அவர் உள்ளே வந்ததும் அம்சா வாசலுக்குப் போய், குனிந்து, செருப்பைக் கையால் எடுத்து வீட்டைப் பார்த்துத் திருப்பி வைப்பார். மனுஷன் கிளம்பும்போது ஒரு நொடியாவது தாமதமாகட்டுமே என்றுதான். ஒருமுறை, அடுத்த வீட்டுக்காரனான என் எதிரிலேயே கேட்டுவிட்டார்.

"எழவு வூட்டுக்கு வந்தா மாரி நின்னுகினே போறீங்களே. கொஞ்ச நேரம் குந்தினா இன்னா?"

சடகோபன் தேர்தலில் தோற்றபோது, அந்த அம்மாளுக்காக எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இனிமேலாவது வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். அவரோ அடுத்த சீட்டை எண்ணி முன்னைவிட அதிகமாக அலைந்தார்.

போன மாசியில், அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளி வீட்டில் கைகூப்பி நின்றபோது போன் வந்தது. கடலைக் கொல்லையில் மயங்கி விழுந்த அம்சா, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். சடகோபன் வந்து சேர்வதற்குள் வாசலில் பந்தல் எழும்பியிருந்தது. நானும் அங்கே நின்றிருந்தேன். கூட்டம் வழிவிட்டது. செருப்பைத் தெருவைப் பார்த்துக் கழற்றினார். பிரேம்குமார், பழக்க தோஷம், டிக்கியில் மிஞ்சியிருந்த மாலையை எடுத்து நீட்டினார். சடகோபன் அதைப் பெட்டியின் மேல் வைத்தார். கைகூப்பினார். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த சொந்த மகள் கவிதாவின் தோளைத் தொட்டார். பிறகு திரும்பி நடந்து, செருப்பில் காலை நுழைத்து, காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கதவும் சாத்தியாயிற்று. துளசிங்கத்தின் மனைவி கெங்கம்மாள்தான் போய்க் கார் கண்ணாடியைத் தட்டினார். ஊரே 'எம்.எல்.ஏ.' என்று கூப்பிடுபவரை இன்னும் 'நைனா' என்பது அவர் ஒருவர்தான்.

"எங்கூட்டுக்காரரு செத்தப்போ பொழுதுக்கும் குந்திகினு இருந்தீங்களே நைனா. இப்ப எங்க போறீங்க? இது உங்க வூடு. எறங்குங்க."

சடகோபன் வீட்டை முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

இப்போதும் சாவு வீடுகளுக்குப் போகிறார். சீட்டு ஆசை விட்டுவிட்டது என்கிறார்கள், எனக்குத் தெரியாது. கவிதா தன் புருஷன் ஊருக்குப் போய்விட்டாள். நிலத்தைக் கெங்கம்மாள் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு அவருடைய காரிலேயே திரும்பினேன். அவர் வீட்டு வாசலில் இறங்கினோம். வீட்டுப் பூட்டைத் திறந்தார். செருப்பு வழக்கம்போலத் தெருவைப் பார்த்துக் கழன்றது. உள்ளே இரண்டடி வைத்தவர் நின்றார். திரும்பி வந்து, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, இரண்டு செருப்பையும் கையால் எடுத்து, வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.