இரண்டாவது சைகை

என் விரல் மூட்டுகளை என் ரத்தத்து வெள்ளை அணுக்களே கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. மதுரை டாக்டர்தான் அதை விளக்கினார். காவல் செல் ஒன்று எதிரியின் துண்டைக் கொண்டுவந்து, சண்டை போடும் வெள்ளை அணுவான டி செல்லிடம் காட்டும். காட்டினால் மட்டும் போதாது. காட்டிய செல்லே கூடவே இன்னொரு சைகையும் தர வேண்டும். அப்போதுதான் டி செல் சண்டைக்குக் கிளம்பும். இல்லாவிட்டால் சோர்ந்துவிடும். "இந்த ஊசி அந்த ரெண்டாவது சைகையைத்தான் மறிக்கும்மா" என்றார்.

ஊசி போடத் தொடங்கிச் சில மாதம் இருக்கும். எங்கள் ஊர் பரளச்சியில் எங்கள் ஆட்டுக்குட்டி பக்கத்துக் காட்டில் புகுந்து பருத்தியை மேய்ந்துவிட்டது. அந்தக் காட்டுக்காரன் அதன் பின்னங்கால் இரண்டையும் வெட்டிப்போட்டான். என் முதுகெல்லாம் ரத்தம் வழிய அதைத் தோளில் தூக்கிவந்து என் வீட்டுக்காரர் முன்னால் போட்டேன்.

"எவன்டி?" என்று அருவாளை எடுத்தார். சொன்னேன். ஆனாலும் அவர் நகரவில்லை, என் வாயையே பார்த்தார். "இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்று நான் கேட்டால் போதும், கிளம்பிவிடுவார். முன்பு வரப்புச் சண்டையில் ஒருவன் மண்டை பிளந்ததும் நான் அப்படிக் கேட்டதால்தான்.

எனக்கும் அந்தக் காட்டுக்காரன் கால் இரண்டும் துண்டாகக் கிடக்க வேண்டும் என்றுதான் இருந்தது. தொண்டைவரை வந்த சொல்லைப் பல்லைக் கடித்து விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கை தளர்ந்தது.

குட்டி கத்திக்கொண்டே கிடந்தது. இனி பிழைக்காது. "கொடுங்க இங்க" என்று அருவாளை வாங்கி அதன் கழுத்தில் ஒரே வெட்டு வெட்டினேன். ஊசி போட்ட பிறகு என் விரல்கள் ஒரு பிடியை இறுகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.